ஊர் திரும்பியபின் மனம் திரும்பியது எப்போது? சிறையிருப்புக்குப் பிந்தைய யூதர்களின் கதை

கி.மு. 520. எருசலேமில் சகரியா என்ற தீர்க்கதரிசி மக்களைப் பார்த்து, கடவுளின் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறார்: "என்னிடத்தில் திரும்புங்கள், அப்பொழுது நானும் உங்களிடத்துக்குத் திரும்புவேன்." கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குழம்பியிருக்கக்கூடும். அவர்கள்தான் ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டார்களே! பாபிலோனில் இருந்த வீட்டையும் தோட்டத்தையும் விட்டு, மாதக்கணக்கில் நடந்து, சாம்பலும் கல்லுமாய்க் கிடந்த மூதாதையர் ஊருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி எங்கே திரும்புவது?

இந்தக் கேள்விக்குள் நுழைந்துவிட்டால், சிறையிருப்புக்குப் பின், அதாவது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த காலத்துக்குப் பின், யூத மக்களிடையே நடந்த மறுகட்டுமானமும் ஆன்மிக மறுமலர்ச்சியும் என்ன என்பது விளங்கிவிடும். எபிரேய மொழியில் ‘ஷூவ்’ என்றால் திரும்புதல். ஊருக்குத் திரும்பினாலும் அதே வினைதான், தவறிலிருந்து திரும்பினாலும் அதேதான். அதிலிருந்து பிறந்த ‘தெஷுவா’ என்ற சொல்லைத்தான் யூதர்கள் இன்றும் பாவத்திலிருந்து மீள்வதற்குப் பயன்படுத்துகிறார்கள். தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதற்கு ‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்குள்ளும் ‘திரும்பு’ இருக்கிறது. கால் திரும்புவது ஒன்று, மனம் திரும்புவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஓடின.

முதலில், எதை இழந்தார்கள்?

யூதா என்ற சிறிய மலைநாட்டை பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் இரண்டு கட்டமாக நொறுக்கினான். கி.மு. 597இல் இளம் அரசன் யோயாக்கீனையும் அதிகாரிகளையும் கைவினைஞர்களையும் கொண்டுபோனான். அடுத்த கலகத்துக்குப் பின், கி.மு. 586இல் எருசலேம் எரிந்தது. சாலொமோன் கட்டிய ஆலயமும் எரிந்தது. தாவீதின் வம்சத்து அரியணை அத்தோடு முடிந்தது. நிலம், அரசன், ஆலயம் ஆகிய மூன்று தூண்களில்தான் அவர்களுடைய நம்பிக்கை நின்றிருந்தது. மூன்றும் ஒரே தலைமுறையில் போயின.

எல்லோரும் நாடுகடத்தப்படவில்லை என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழை விவசாயிகளையும் திராட்சைத் தோட்டக்காரர்களையும் பாபிலோனியர் அங்கேயே விட்டுவிட்டார்கள். எரேமியா என்ற தீர்க்கதரிசியின் நூல் மூன்று முறை கொண்டுபோகப்பட்டவர்களைக் கணக்கிட்டு மொத்தம் 4,600 பேர் என்கிறது. போனவர்கள், இருந்தவர்கள் என்ற இந்தப் பிளவு பின்னால் பெரிய சிக்கலாக வரும்.

‘சிறையிருப்பு’ என்ற தமிழ்ச் சொல் கொஞ்சம் திசைதிருப்பக்கூடியது. கம்பிக்குள் அடைபட்ட வாழ்க்கை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவர்களைக் கால்வாய் ஓரங்களில் குடியமர்த்தினார்கள். அவர்கள் பயிரிட்டார்கள், வரி கட்டினார்கள். ‘யூதாவின் ஊர்’ என்றே பெயர் கொண்ட ஒரு குடியேற்றத்தில் எழுதப்பட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. குத்தகை, கடன், திருமணம் என்று அன்றாடக் கணக்குகள் அவற்றில் இருக்கின்றன. பாபிலோன் அரண்மனையில் கிடைத்த வேறு பலகைகளில் யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்குகூட இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காக வேண்டுங்கள் என்று எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அவர்களைச் சோர்ந்துபோகாமல் வாழச் சொன்னது.

ஆனால் ஆலயம் இல்லாமல் எப்படி வழிபடுவது? பலி செலுத்த இடமில்லை. இங்கேதான் மறுமலர்ச்சியின் முதல் விதை விழுந்தது என்று நான் நினைக்கிறேன். இடத்தைச் சார்ந்திருந்த நம்பிக்கை மெல்ல மெல்லக் காலத்தையும் சொல்லையும் சார்ந்ததாக மாறியது. ஓய்வுநாளை எந்த ஊரிலும் கைக்கொள்ளலாம். பழைய கட்டளைகளையும் வரலாற்றையும் எந்தக் கால்வாய்க் கரையிலும் உட்கார்ந்து எழுதலாம், படிக்கலாம். நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவரான தீர்க்கதரிசி எசேக்கியேல் கடவுளின் மகிமையைப் பார்த்தது எருசலேமில் அல்ல, பாபிலோன் நாட்டுக் கேபார் நதிக்கரையில். அப்படியானால் கடவுள் தம் மக்களோடு அந்நிய மண்ணுக்கும் வந்திருக்கிறார்! அந்த நம்பிக்கை இல்லாமல் போயிருந்தால் திரும்பி வந்து கட்டுவதற்கு யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கோரேசின் ஆணை

கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு (வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்த சைரஸ்) பாபிலோனைப் பிடித்தான். அடுத்த ஆண்டிலேயே யூதர்கள் ஊர் திரும்பி ஆலயத்தைக் கட்டலாம் என்ற ஆணை வந்தது. நேபுகாத்நேச்சார் கொள்ளையடித்த ஆலயப் பாத்திரங்கள், பைபிளின் எஸ்றா நூலின்படி 5,400, எண்ணித் திருப்பித் தரப்பட்டன. பாபிலோனில் 1879இல் கண்டெடுத்த கோரேசின் களிமண் உருளை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இடம்பெயர்க்கப்பட்ட தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பியதாக அவன் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறான். பல மக்களுக்கும் பொருந்திய அரசாங்கக் கொள்கை அது. அதே நிகழ்வில் யூதர்கள் தங்கள் கடவுளின் கையைக் கண்டார்கள். ஏசாயா நூல் கோரேசை ‘அபிஷேகம் பண்ணப்பட்டவன்’ என்றே அழைக்கிறது. அந்நிய அரசன் ஒருவனுக்கு எபிரேய வேதத்தில் கிடைத்த மிகப் பெரிய பட்டம் அதுதான்.

திரும்பியவர்கள் 42,360 பேர் என்று ஒரு நீண்ட பட்டியல் சொல்கிறது. பலர் திரும்பவில்லை. பாபிலோனில் தங்கிவிட்டவர்களின் சமூகம் அதற்குப் பின்னும் 2,000 ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தது. யூதச் சட்ட விளக்கங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தால்முத் அங்கே உருவானதுதான். தங்கியவர்களை நம்பிக்கை குறைந்தவர்கள் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பின்னாளில் எஸ்றாவும் நெகேமியாவும் அவர்களிடமிருந்துதான் வந்தார்கள்.

அழுகையா, ஆர்ப்பரிப்பா?

வந்தவர்கள் முதலில் பலிபீடத்தைக் கட்டினார்கள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, ஆனால் பலிபீடம் இருந்தது. பிறகு தாவீதின் வழிவந்த செருபாபேலும் தலைமை ஆசாரியர் யெசுவாவும் முன்நிற்க, ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். செருபாபேல் என்ற பெயருக்கே ‘பாபிலோனின் வித்து’ என்று பொருள். அங்கே பிறந்த பிள்ளை இங்கே வந்து கட்டுகிறான்.

அஸ்திபாரம் போட்ட அன்று நடந்ததை எஸ்றா நூல் பதிந்துவைத்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும் இடம் அது. இளையவர்கள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரித்தார்கள். முந்தைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள். அழுகைக்குரல் எது, ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டது. மறுகட்டுமானம் என்பதன் முழு உண்மையும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. புதியதைப் பெற்ற சந்தோஷமும் பழையது இனி வராது என்ற துக்கமும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன.

பிறகு வேலை நின்றுபோனது. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணத்தை கி.மு. 520இல் ஆகாய் என்ற தீர்க்கதரிசி போட்டு உடைத்தார்: நீங்கள் பலகை பதித்த வீடுகளில் குடியிருக்கிறீர்கள், ஆலயம் பாழாய்க் கிடக்கிறதே! விதைக்கிறீர்கள், அறுப்பு குறைவு. சம்பாதிக்கிறீர்கள், கூலியைப் பொத்தல் பையில் போடுகிறீர்கள். மக்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பேசிய இருபத்துமூன்றாம் நாள் வேலை தொடங்கிவிட்டது. அப்போதே பக்கத்தில் சகரியாவும் எழுந்து, அற்பமான தொடக்கத்தின் நாளை யார் அசட்டை செய்யலாம் என்று கேட்டார். பாரசீக ஆளுநர் தத்னாய் வந்து, யார் அனுமதி கொடுத்தது என்று விசாரித்து அரசன் தரியுவுக்கு எழுதினான். தேடிப் பார்த்ததில் மேதிய நாட்டு அரண்மனையில் கோரேசின் பழைய ஆணை கிடைத்தது. கி.மு. 515இல் ஆலயம் முடிந்தது. பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி அதில் இல்லை. அரசனும் இல்லை. ஆனாலும் அந்த ஆலயமே கி.பி. 70 வரை, ஏரோது அரசன் காலத்தில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு, யூத வாழ்வின் நடுவில் நின்றது.

கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே சிலர் சகரியாவிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஆலயம் எரிந்த ஐந்தாம் மாதத்தில் எழுபது ஆண்டுகளாக அழுது நோன்பு இருக்கிறோமே, இனியும் இருக்க வேண்டுமா? பதில் நேராக வரவில்லை. நீங்கள் நோன்பிருந்தது எனக்காகத்தானா என்று கடவுள் திருப்பிக் கேட்டார். உண்மையாய் நியாயம் தீருங்கள், விதவையையும் அநாதையையும் அந்நியனையும் ஏழையையும் ஒடுக்காதீர்கள் என்றார். அதன்பின் வருங்கால எருசலேமின் சித்திரம் ஒன்று விரிகிறது. கையில் கோலூன்றிய கிழவர்களும் கிழவிகளும் தெருக்களில் உட்கார்ந்திருப்பார்கள், பையன்களும் பெண்பிள்ளைகளும் அங்கே விளையாடுவார்கள். படையும் பொன்னும் அந்தச் சித்திரத்தில் இல்லை. முதுமை வரை வாழ்வதும் தெருவில் பயமின்றி விளையாடுவதும்தான் புதுவாழ்வின் அடையாளம்.

மதிலும் கடனும்

இதற்குப் பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பற்றி வேதம் எருசலேமிலிருந்து அதிகம் சொல்வதில்லை. கி.மு. 458இல், வழக்கமான கணக்குப்படி, எஸ்றா வருகிறார். ஆசாரியர், அதைவிட முக்கியமாக வேதபாரகர், அதாவது கட்டளைகளை ஆராய்ந்து நகலெடுத்துக் கற்றுக்கொடுப்பவர். நான்கு மாதப் பயணம். கடவுள் காப்பார் என்று அரசனிடம் சொல்லிவிட்டோமே, இனிப் படைக்காவல் கேட்க வெட்கமாக இருக்கிறது என்று, கேட்காமல் நோன்பிருந்து புறப்பட்டவர் அவர்.

கி.மு. 445இல் வந்த நெகேமியா வேறு வார்ப்பு. சூசான் அரண்மனையில் அர்தசஷ்டா அரசனுக்குத் திராட்சரசம் பரிமாறும் அதிகாரி. எருசலேம் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு நாட்கணக்கில் அழுதவர், அரசனிடம் அனுமதி மட்டுமல்ல, கடிதங்களும் மரமும் கேட்டு வாங்கினார். குதிரைவீரர்களோடுதான் வந்தார். எஸ்றாவின் வெட்கமும் நெகேமியாவின் முன்னேற்பாடும் இரண்டுமே பக்தியாக ஒரே மரபில் ஏற்கப்பட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வந்து மூன்றாம் இரவு, யாரிடமும் சொல்லாமல், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் இடிபாடு அடைத்து அவர் ஏறிவந்த சவாரி விலங்கு நடக்கக்கூட வழியில்லை. பிறகு வேலையைப் பங்கு போட்டார். பெரும்பாலும் அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதி அவரவருக்கு. தட்டாரும் தைலம் செய்பவர்களும் கல் எடுத்துவைத்தார்கள். சல்லூம் என்ற அதிகாரி தன் மகள்களோடு வந்து கட்டினார். தெக்கோவா ஊர்ப் பெருந்தலைகள் மட்டும் கழுத்து வளைக்கவில்லை என்பதையும் பட்டியல் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறது. ஒரு நரி ஏறினால் இந்த மதில் விழுந்துவிடும் என்று அம்மோனியன் தொபியா கேலி செய்தான். வடக்கே அடுத்திருந்த சமாரியாவின் சன்பல்லாத்து தாக்கத் திட்டமிட்டான். ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம் என்று மதில் 52 நாளில் முடிந்தது. சன்பல்லாத்து கற்பனைப் பாத்திரம் அல்ல. எகிப்தின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்கள் கி.மு. 407இல் எழுதிய கடிதத்தில் ‘சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்கள்’ என்று வருகிறது.

மதில் ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு கூக்குரல். இதை நம்மில் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறோம். பஞ்ச காலத்தில் தானியத்துக்காக வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தோம், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது எங்கள் மகன்களையும் மகள்களையும் அடிமைகளாக விடுகிறோம் என்று மக்கள், பெண்களும் சேர்ந்து, முறையிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்ல, சொந்த இனத்துப் பெரியவர்கள். எதிரியைத் தடுக்க மதில் எழும்புகிறது, உள்ளே அண்ணன் தம்பியை விழுங்குகிறான்! நெகேமியா பெரிய கூட்டம் கூட்டினார். தானும் தன் சகோதரர்களும் கடன் கொடுத்திருப்பதை ஒளிக்காமல் சொன்னார். வயல்களையும் வீடுகளையும் நூற்றுக்கு ஒன்று வட்டியையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். அவர்கள் ஒப்புக்கொண்டபின் தன் மடியை உதறிக் காட்டி, சொன்ன சொல் தவறுபவனைக் கடவுள் இப்படி உதறிப்போடுவாராக என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்தும், ஆளுநருக்குரிய படியை அவர் வாங்கவில்லை. ஆன்மிக மறுமலர்ச்சியை வெறும் பாட்டும் ஜெபமுமாக நினைப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நீர்வாசல் முன் ஒரு காலைப்பொழுது

இப்போது கதையின் நெஞ்சுப்பகுதி. ஏழாம் மாதத்தின் முதல் நாள். மக்கள் நீர்வாசலுக்கு முன்னால் இருந்த வெளியில் கூடினார்கள். ஆலய முற்றத்தில் அல்ல, எல்லோரும் நிற்கக்கூடிய பொதுவெளியில். ஆண்கள், பெண்கள், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய வயதுப் பிள்ளைகள். எஸ்றா கூட்டவில்லை. மோசேயின் சட்டநூலைக் கொண்டுவாருங்கள் என்று மக்கள்தான் எஸ்றாவைக் கேட்டார்கள். மரத்தால் செய்த ஒரு மேடையில் ஏறி அவர் சுருளை விரித்தார். மக்கள் எழுந்து நின்றார்கள். விடியலிலிருந்து நண்பகல் வரை வாசிப்பு.

வாசித்தது மட்டுமல்ல. ஆலயப் பணிக்கென்று இருந்த லேவி குலத்தாரான லேவியர்கள் மக்கள் நடுவே நின்று பொருள் சொல்லிப் புரியவைத்தார்கள். பாபிலோனில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவர்களின் நாவில் அரமேய மொழி ஏறியிருந்தது. எபிரேயத்தில் வாசித்ததை அரமேயத்தில் விளக்கியதன் தொடக்கமே இது என்று பிற்கால யூத மரபு கருதியது. வேதம் ஆசாரியரின் கைக்குள் மட்டும் இருக்கும் நிலை அன்றைக்கு மாறியது. சந்தைக்கு வருபவனுக்கும் விளங்க வேண்டிய நூலாக அது ஆனது. திங்களும் வியாழனும் தோராவை, அதாவது மோசேயின் சட்டநூலை, பொதுவில் வாசிக்கும் வழக்கத்தை யூத மரபு எஸ்றாவின் ஏற்பாடாகவே நினைவுகூர்கிறது. பின்னர் கி.பி. 70இல் இரண்டாம் ஆலயமும் எரிந்தபோது யூத வாழ்வு அணைந்துபோகாததற்கு, நூலைச் சுற்றி வாழப் பழகியிருந்ததே பெரிய காரணம்.

கேட்டவர்கள் அழுதார்கள். இத்தனை காலம் இதை மறந்திருந்தோமே என்ற அழுகை. அப்போது எஸ்றாவும் நெகேமியாவும் லேவியரும், அழாதீர்கள், இது பரிசுத்த நாள் என்றார்கள். போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள், கர்த்தருக்குள் மகிழ்வதே உங்கள் பெலன் என்றார்கள். மனந்திரும்புதலின் முதல் நாள் விருந்தோடு முடிந்தது, ஏழைக்கும் பங்கு போன விருந்தோடு. மறுநாள் தொடர்ந்து படிக்கும்போது கூடாரப் பண்டிகையைப் பற்றிய கட்டளை கண்ணில் பட்டது. உடனே மலைக்குப் போய் ஒலிவக் கிளையும் பேரீச்ச ஓலையும் வெட்டிவந்து, மொட்டைமாடியிலும் முற்றத்திலும் குடில் போட்டுத் தங்கினார்கள். அழுவதற்கான நாள் அதே மாதத்தின் 24ஆம் தேதி வந்தது. அன்று நீண்ட பாவ அறிக்கை செய்து, உறுதிமொழி எழுதி முத்திரை போட்டார்கள்.

ஒரு கடினமான பக்கம்

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அந்நியப் பெண்களை மணந்தவர்கள் அவர்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று எஸ்றாவின் காலத்தில் முடிவெடுத்தார்கள். மழையில் நடுங்கிக்கொண்டே மக்கள் ஆலயத்தின் முன் வெளியில் உட்கார்ந்திருந்த காட்சி எஸ்றா நூலில் இருக்கிறது. அளவில் சிறிய ஒரு சமூகம் கரைந்துபோகுமோ என்ற பயம் உண்மையானது. அனுப்பப்பட்ட தாய்மாரின் துயரமும் உண்மையானது. அந்தப் பெண்களின் குரலை நூல் பதிவுசெய்யவில்லை. அதே காலகட்டத்தைச் சேர்ந்ததாகப் பல ஆய்வாளர்கள் கருதும் ஏசாயா நூலின் 56ஆம் அதிகாரமோ, ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் அந்நியரைக் கடவுள் தம் மலைக்குக் கூட்டிவருவார், அவர் வீடு எல்லா மக்களுக்கும் ஜெபவீடு என்கிறது. நாட்டிலேயே தங்கியிருந்தவர்களுடனும் சமாரியருடனும் ஏற்பட்ட விலகலும் இந்தக் காலத்தில் வலுத்தது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை ஒரே பதிலை விட்டுச்செல்லவில்லை. இரண்டு குரல்களும் ஒரே வேதத்துக்குள் இருக்கின்றன.

பெயரில்லாத பத்தில் ஒருவர்

மதில் எழும்பியும் நகரத்தில் ஆள் இல்லை. பாரசீகக் கால எருசலேம் மிகச் சிறியதாக இருந்ததை அகழாய்வுகளும் காட்டுகின்றன. ஆகவே சுற்றூர்களில் இருந்தவர்களில் பத்துக்கு ஒருவரைச் சீட்டுப்போட்டு எருசலேமுக்குக் குடிவரச் செய்தார்கள். தாமாக முன்வந்தவர்களை மக்கள் வாழ்த்தினார்கள். விளைந்துகொண்டிருந்த வயலை விட்டு, இடிபாடுகளுக்கு நடுவே வீடு கட்ட வந்தவர்கள் அவர்கள்.

நெகேமியா சில காலம் அரசனிடம் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, முத்திரை போட்ட உறுதிமொழி பல இடங்களில் கலைந்திருந்தது. ஆலயத்தின் பெரிய அறையொன்றை அதே தொபியாவுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். படி கிடைக்காத லேவியர்கள் அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். ஓய்வுநாளில் கடற்கரை நகரமான தீருவிலிருந்து வந்தவர்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார். லேவியரைத் திரும்ப அழைத்தார். ஓய்வுநாளுக்கு முந்தைய மாலை இருட்டத் தொடங்கியதும் வாசல்களைச் சாத்தச் சொன்னார். வியாபாரிகள் ஓரிரு முறை மதிலுக்கு வெளியே படுத்துக் கிடந்து பார்த்துவிட்டு, பிறகு வருவதை விட்டார்கள். நூலின் கடைசி வசனத்தில் அவர் ஒழுங்கு செய்வது பலிபீடத்துக்கு எந்தெந்தக் காலத்தில் யார் விறகு கொண்டுவர வேண்டும் என்பதை. முதற்பலன்களையும் அதோடு சேர்த்துக் குறித்துவைத்துவிட்டு, என் தேவனே, எனக்கு நன்மையுண்டாக என்னை நினைத்தருளும் என்று வேண்டுகிறார்.